பழைய பைப்பர் ஆரோவில் கியர் கோளாறு: பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சக்கரம் உள்ளே மடங்கும் சிறிய விமானத்தை முதன்முதலாக வாங்குகிறவர்கள் பலர் பைப்பர் ஆரோவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1967-ல் பிஏ-28ஆர்-180 என்ற பெயரில் வந்தது. 1972-ல் ஆரோ 2, 1977-ல் ஆரோ 3 என்று தொடர்ந்தது. இன்றும் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளிலும் சிறு விமான நிலையங்களிலும் ஏராளமாக இருக்கிறது. விமானம் உறுதியானது, ஆனால் அதன் ரப்பர் உறுப்புகளுக்கு ஐம்பது வயதைத் தாங்கும் சக்தி இல்லை. கியரில், அதாவது மடங்கும் சக்கர அமைப்பில், தொல்லை வந்ததும் "பம்ப் போய்விட்டது" என்று முடிவுகட்டிப் பெருஞ்செலவில் புதுப் பம்ப்பை மாட்டி, அடுத்த வாரமே அதே தொல்லையோடு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பம்ப்பைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும். அதுவரை எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விமானத்தில் இருப்பது ஹைட்ராலிக் கியர்தானா, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பீச் பொனான்சாவில் மின்மோட்டார் நேரடியாகப் பற்சக்கரங்களையும் கம்பிகளையும் இயக்குகிறது, எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. பழைய மூனி விமானங்களில் கையால் இழுக்கும் நெம்புகோல், பின்னால் வந்தவற்றில் மின்மோட்டார். செஸ்னா 172ஆர்ஜி, 182ஆர்ஜி இரண்டும் ஹைட்ராலிக்தான், ஆனால் அவற்றின் குணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆரோவின் கியர் எப்படி வேலை செய்கிறது

இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மூன்று சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு ஆக்சுவேட்டர் சிலிண்டர், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைத் தூக்கி இறக்குவது அதுதான். எல்லாவற்றுக்கும் எண்ணெய் தருவது சாமான் அறைக்குப் பின்னால் இருக்கும் ஒரே பவர் பேக். மோட்டார், பம்ப், எண்ணெய்த் தொட்டி மூன்றும் அதில் ஒன்றாகவே இருக்கின்றன. மோட்டார் ஒரு திசையில் சுழன்றால் தூக்கும் குழாயில் அழுத்தம், எதிர்த்திசையில் சுழன்றால் இறக்கும் குழாயில் அழுத்தம்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கியரை மேலே பிடித்துவைக்க ஆரோவில் எந்தக் கொக்கியும் பூட்டும் கிடையாது. எண்ணெயின் அழுத்தம் மட்டுமே பிடித்திருக்கிறது. கீழே இறங்கிய பிறகுதான் இயந்திரப் பூட்டு. அழுத்தம் முழுக்கப் போனாலும் கியர் தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும்படி, மூக்குச் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் உதவி தந்து வடிவமைத்திருக்கிறார்கள். அதனால்தான் எண்ணெய்க் கசிவு ஆரோவில் பெரும்பாலும் எரிச்சலாக முடிகிறது, விபத்தாக முடிவதில்லை.

மேலே தூக்கும்போது பம்ப்பை நிறுத்துவது அழுத்த ஸ்விட்ச். பல ஆரோக்களில் சுமார் 1800 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வந்ததும் நிறுத்தும், சுமார் 1500-க்கு இறங்கினால் மறுபடி ஓட்டும். கீழே இறக்கும்போது அழுத்த ஸ்விட்சுக்கு வேலை இல்லை. மூன்று சக்கரங்களும் பூட்டிய பிறகு அங்கங்கே உள்ள, பூட்டியதை உணரும் மூன்று லிமிட் ஸ்விட்சுகளும் சேர்ந்துதான் பம்ப்பை நிறுத்துகின்றன. சக்கரம் பூட்டியதை விமானிக்குக் காட்டும் பச்சை விளக்குகள் எரிவதும் அவற்றால்தான். தூக்கும்போது அழுத்தம், இறக்கும்போது ஸ்விட்ச். இந்த வேறுபாடு பின்னால் நிறைய உதவும்.

எண்ணெயைத் தொடும் முன்: காதும் கண்ணும்

பச்சை விளக்கு எரியவில்லை என்பதுதான் பலருக்கும் வரும் முதல் பயம். பகல் நேரமாக இருந்தால் உடனே இன்ஸ்ட்ரூமென்ட் பேனல் விளக்கின் ஸ்விட்சைப் பாருங்கள். அது போட்டிருந்தால் ஆரோவில் கியர் விளக்குகள் இரவுக்கு ஏற்ற மாதிரி மங்கிவிடும். வெயிலில் அவை எரிவதே தெரியாது. காலையில் இருட்டோடு கிளம்பியவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுண்டு. அடுத்து, எரியாத பல்பைக் கழற்றி, எரியும் பல்போடு இடம் மாற்றிப் போடுங்கள்.

இப்போது பம்ப்பின் சத்தத்தைக் கவனியுங்கள். கியரை இறக்கினீர்கள், பம்ப் வழக்கம் போல ஓடி நின்றது, கியர் நடுவழியில் இருக்கும்போது எரியும் இடைநிலை விளக்கும் அணைந்தது, ஆனால் ஒரு பச்சை மட்டும் இல்லை என்றால், மூன்று ஸ்விட்சுகளும் தம் வேலையைச் செய்துவிட்டன. பல்பிலோ அதன் ஒயரிலோதான் குறை. பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கதை வேறு. அந்தச் சக்கரம் உண்மையிலேயே பூட்டவில்லை, அல்லது அதன் லிமிட் ஸ்விட்ச் நகர்ந்தோ அழுக்கடைந்தோ இருக்கிறது. ஆனால் பம்ப்பின் பிரேக்கர் (சுமை மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பொத்தான்) விழுந்திருந்தாலும் சத்தம் நின்றுவிடும். எனவே "பம்ப் நின்றது, அதனால் பூட்டிவிட்டது" என்று சொல்லும் முன் பிரேக்கரைத் தொட்டுப் பாருங்கள்.

தரையில் நின்று ஆராய்வது வேறு, வானத்தில் இதைச் சந்திப்பது வேறு. வானத்தில் முதலில் விமானத்தை ஓட்டுங்கள். விமான நிலையத்தைச் சுற்றிப் பறக்கும் வட்டத்தை விட்டு விலகி, உயரம் எடுத்து, உங்கள் விமானத்தின் கையேட்டிலுள்ள அவசரப் பட்டியலை எடுத்து வரிவரியாகச் செய்யுங்கள். வேகத்தைக் கையேடு சொல்லும் அளவுக்குக் குறைப்பது, பிரேக்கர்களைப் பார்ப்பது, கியர் நெம்புகோல் கீழே இருப்பதை உறுதி செய்வது, பிறகு முன் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள, அழுத்தத்தை விடுவிக்கும் அவசர நெம்புகோலைக் கீழே தள்ளுவது. அப்படியும் பூட்டாவிட்டால் ரடரால் மூக்கை இடமும் வலமும் வேகமாகத் திருப்பினால் பக்கச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டிப் பறந்து காட்டினால் சக்கரம் வெளியே இருக்கிறதா என்று சொல்வார்கள். பூட்டியிருக்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியாது.

பம்ப் ஓடவே இல்லை

இது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. கியருக்கு இரண்டு பிரேக்கர்கள் உண்டு: ஒன்று மோட்டாருக்கு, இன்னொன்று கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு. இரண்டும் சரியென்றால், விமானத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, ஒருவர் நெம்புகோலை நகர்த்த, இன்னொருவர் பவர் பேக்குக்கு அருகில் காதை வைத்துக் கேட்கட்டும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்சான சொலினாய்டு "டக்" என்று அடிக்கிறதா? அடித்தும் மோட்டார் சுழலவில்லை என்றால் சொலினாய்டின் தொடுமுனை, மோட்டாரின் கார்பன் பிரஷ், எர்த் ஒயர் என்று அந்தப் பக்கம் போங்கள். டக் சத்தமே இல்லை என்றால் சிக்கல் கட்டுப்பாட்டுப் பக்கத்தில். தூக்கும்போது மட்டும் ஓடாவிட்டால் இடது பக்கச் சக்கரத்தின் ஸ்குவாட் ஸ்விட்சையும் அழுத்த ஸ்விட்சையும் பாருங்கள். விமானம் தரையில் நிற்கும்போது கியர் மடங்காமல் தடுப்பது அந்த ஸ்குவாட் ஸ்விட்ச்தான். பத்து ரூபாய்க் குச்சிப் பல்பு டெஸ்டரைவிட வோல்ட் மீட்டர் இங்கே நல்லது. ஐம்பது ஆண்டுப் பழைய தொடுமுனையில் 12 வோல்ட்டு காட்டி, சுமை ஏறியதும் சரிந்துபோவது சாதாரணம். எனவே மோட்டாருக்கு மின்சாரம் போகும் நேரத்திலேயே அளக்க வேண்டும்.

பம்ப் ஓடுகிறது, கியர் மடங்கவில்லை

புறப்படும்போது மட்டும் இப்படியென்றால், இது கோளாறாகவே இல்லாமலிருக்கலாம். பழைய ஆரோக்களில் விமானி மறந்தாலும் கியரைத் தானாக இறக்கிவிடும் ஓர் ஏற்பாடு உண்டு. உடலின் இடது பக்கம் சிறிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது காற்றின் அழுத்தத்தை உணர்ந்து, வேகம் குறைவாக இருந்தால் வால்வைத் திறந்து கியரை விழவிடும். என்ஜின் சக்தி இல்லாதபோது ஆரோ 2-ல் சுமார் 105 மைல் வேகத்தில் இது நடக்கும். முழுச் சக்தியில் சுமார் 85 மைலுக்குக் கீழே கியரை மடங்கவும் விடாது. ஓடுபாதையை விட்டு எழுந்ததுமே நெம்புகோலைத் தூக்கிவிட்டு, பம்ப் ஓடியும் கியர் வரவில்லையே என்று பதறுகிறவர்கள் வேகம் கூடும்வரை பொறுத்தால் போதும். அந்தக் குழாயில் குளவி கூடு கட்டினாலோ பனி அடைத்தாலோ கியர் நினையாத நேரத்தில் இறங்கும். தினசரிப் பார்வையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980-களில் பைப்பர் இந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யும்படி அறிவுறுத்தியதால் பல விமானங்களில் இப்போது இல்லை. உங்களுடையதில் இருக்கிறதா, நீக்கிவிட்டார்களா என்பதைப் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் கோளாறு தேடத் தொடங்காதீர்கள்.

இது காரணமில்லை என்றால் எண்ணெய் அளவைப் பாருங்கள். பவர் பேக்கிலுள்ள நிரப்பும் துளையின் மூடியைத் திறந்தால், துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியது சிவப்பு நிற 5606 மினரல் எண்ணெய். பெரிய ஜெட் விமானங்களில் ஊற்றும் ஊதா நிற ஸ்கைட்ராலையோ, கார் பிரேக் எண்ணெயையோ ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. உள்ளேயுள்ள நைட்ரைல் ரப்பர் ஊதி, மிருதுவாகி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். அதன்பின் முழு அமைப்பையும் பிரித்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

குரூஸில் (ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும்போது) பம்ப் அடிக்கடி ஓடுகிறது

பழைய ஆரோவின் தலையாய நோய் இதுதான், விரிவாகப் பார்ப்போம். வீட்டில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும்: யாரும் குழாயைத் திறக்காதபோது மோட்டார் அடிக்கடி ஓடினால் எங்கோ ஒழுகுகிறது. கியர் மேலே இருக்கும்போது அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் மெல்ல இறங்கி, அழுத்த ஸ்விட்ச் பம்ப்பை எழுப்புகிறது. ஓரிரு நொடி ஓடி நிற்கிறது, மறுபடியும் அதே கதை.

உயரம் ஏறி எண்ணெய் குளிர்ந்து சுருங்குவதால், மேலே போன சற்று நேரத்தில் ஒருமுறை ஓடினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலுள்ள நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் அந்த இடைவெளி குறுகிக்கொண்டே வந்தால் ரப்பர் தேய்கிறது என்று பொருள். சிலர் பிரேக்கரை இழுத்துவிட்டுப் பறக்கிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். கியர் மெல்லத் தொங்க ஆரம்பிக்கும், இறங்கும் அவசரத்தில் பிரேக்கரை மறுபடி அழுத்த மறந்தால் அவசர நெம்புகோலை மட்டுமே நம்பியிருக்க வேண்டிவரும்.

கசிவு இருவகை. வெளிக்கசிவு என்றால் தொட்டியில் எண்ணெய் குறையும், எங்காவது சிவப்பாகத் தெரியும். இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: பிரேக்கிலும், சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கும் ஓலியோ ஸ்ட்ரட்டிலும், கியர் அமைப்பிலும் ஓடுவது ஒரே சிவப்பு எண்ணெய்தான். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமென்றால் பிரேக், பளபளக்கும் ஸ்ட்ரட் தண்டில் வளையமாகப் படிந்திருந்தால் ஸ்ட்ரட், சக்கரம் மடங்கி உட்காரும் சக்கரக் கிணற்றின் சுவரிலோ ஆக்சுவேட்டர் தண்டிலோ இருந்தால் கியர். அடிவயிற்றை முழுக்கத் துடைத்து, ஒருமுறை பறந்து வந்து பார்த்தால் இடம் தெளிவாகும். கசிவைத் தேடி விரலால் தடவாதீர்கள். 1800 பி.எஸ்.ஐ.யில் ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் புகும், அது அறுவை சிகிச்சை வரை போகும் காயம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

எண்ணெய் குறையவே இல்லை, ஆனாலும் பம்ப் ஓடுகிறதென்றால் உட்கசிவு. ஆக்சுவேட்டரின் பிஸ்டன் ஓ-ரிங்கைத் தாண்டியோ, அவசர நெம்புகோல் இயக்கும் அவசர வால்வு வழியாகவோ, பவர் பேக்கின் உள்வால்வு வழியாகவோ எண்ணெய் தூக்கும் பக்கத்திலிருந்து இறக்கும் பக்கத்துக்குப் போய்த் தொட்டிக்கே திரும்புகிறது. இவற்றுள் எது என்று பிரிக்க ஜாக்கி தேவை.

ஜாக்கி வைப்பதில் அவசரம் வேண்டாம். காற்று வீசும் திறந்தவெளியில் வைக்காதீர்கள். இறக்கைக்கு அடியிலுள்ள குறித்த புள்ளிகளில் இரண்டு ஜாக்கி, வாலில் ஒரு தாங்கி, அந்தத் தாங்கியின் அடியில் ஆரோவின் கையேடு சொல்வது போலச் சுமார் 250 பவுண்டு எடை. எடை போதாவிட்டால் மூக்கு சாய்ந்துவிடும். பேட்டரியை நம்பாமல் வெளி மின்சாரம் கொடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுழன்று, இல்லாத கோளாறு ஒன்றைக் காட்டும். கை உள்ளே போகும் முன் பிரேக்கர் வெளியே இருக்க வேண்டும், கீழே வரும் நான்காவது சோதனை நீங்கலாக, அழுத்தத்தை அவசர நெம்புகோலால் விடுவித்திருக்க வேண்டும்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்:

1. கியரை மேலே தூக்குங்கள். சரியான நிலையில் ஏழு நொடி போல ஆகும். பம்ப் நின்றதும் அடுத்த முறை ஓடும் வரை எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். தானாக இறக்கும் ஏற்பாடு இருக்கும் விமானத்தில், காற்று வேகம் இல்லாத தரையில் அது கியரை விழவிடும். அதை மேலே பிடித்துவைக்கும் ஓவர்ரைடு நிலையில் அவசர நெம்புகோலை மாட்டியிருக்க வேண்டும்.

2. அழுத்தத்தை விடுவித்து, பவர் பேக்கிலிருந்து கிளம்பும் தூக்கும் குழாயை அழுத்த ஸ்விட்சைத் தாண்டிய இடத்தில் கழற்றி மூடிபோட்டு அடையுங்கள். மறுபடி பம்ப்பை ஓட்டுங்கள். உடனே அழுத்தம் ஏறி நிற்கும். இப்போதும் அடிக்கடி ஓடினால் குறை பவர் பேக்குக்குள்தான். அடைபட்ட எண்ணெய் இப்போது மிகக் கொஞ்சம் என்பதால் சிறு கசிவுகூடப் பெரிதாகத் தெரியும், இதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஓடவில்லை என்றால் பவர் பேக் குற்றமற்றது. பெரும்பாலான நேரம் இங்கேயே பம்ப்பின் விலை மிச்சமாகிவிடும்.

3. குழாயைப் பழையபடி மாட்டி, அவசர வால்வுக்குப் போகும் தூக்கும் கிளையை மட்டும் அடைத்துப் பாருங்கள். பம்ப் ஓடும் இடைவெளி திடீரென்று நீண்டால் வால்வில்தான் குறை.

4. மிஞ்சியவை ஆக்சுவேட்டர்கள். கியர் மேலே அழுத்தத்தோடு இருக்கும்போது பம்ப் பிரேக்கரை இழுத்துவிட்டு, ஒரு ஆக்சுவேட்டரின் இறக்கும் குழாயைக் கழற்றி, திறந்த வாயைக் கவனியுங்கள். முதலில் வடியும் சில துளிகளுக்குப் பின்னும் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் பிஸ்டனின் ஓ-ரிங் போய்விட்டது. சக்கரம் விழும் பாதையில் தலையோ கையோ இருக்கவே கூடாது. மூன்றையும் இப்படிச் சோதியுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால் மற்ற இரண்டும் அதே வயதுதான், மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

குழாய்களைக் கழற்றும் இந்தச் சோதனைகள் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் வேலை. அமெரிக்க விதிகளில் விமானி தானே செய்யக்கூடிய தடுப்புப் பராமரிப்புப் பட்டியலில், தொட்டியில் ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றுவது இருக்கிறது. ஹோஸ் (வளையும் குழாய்) இணைப்புகளை மாற்றுவதும் இருக்கிறது, ஆனால் ஹைட்ராலிக் இணைப்புகள் நீங்கலாக என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று உதவலாம், குறிப்பெடுக்கலாம். அந்தக் குறிப்பு அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தும், உங்கள் செலவையும் குறைக்கும்.

ஓ-ரிங்கும் ஹோஸும்

ஓ-ரிங்கை உதிரிபாகப் பட்டியலிலுள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். 5606 எண்ணெய்க்கென்று எம்எஸ்28775 வரிசை இருக்கிறது. கடைத்தெருவில் அதே அளவில் கிடைக்கும் ரப்பர் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், எண்ணெயில் ஊறியபின்தான் வேறுபாடு தெரியும். மாட்டும் முன் அதே எண்ணெயில் தோய்த்து, கூரான மரை விளிம்புகளை டேப்பால் மூடி, அதன்மேல் வழுக்கிவிடுங்கள். பழையதை எடுக்க எஃகு ஊசி வேண்டாம். சிலிண்டரின் உட்சுவரில் ஒரு கீறல் விழுந்தால் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் நிற்காது.

குழாய் முனைகள் விமானத்துக்கே உரிய 37 டிகிரிச் சாய்வு கொண்டவை. கார்க் கடையில் கிடைக்கும் 45 டிகிரி முனைகள் பொருந்துவது போலத் தெரியும், பொருந்தாது. அவற்றில் டெஃப்லான் டேப் சுற்றுவது தவறு. உலோகத்தோடு உலோகம் அமர்ந்துதான் அடைக்க வேண்டும். டேப்பின் நூல் பிய்ந்து போனால் வால்வின் இருக்கையில் மாட்டிக்கொண்டு, நீங்கள் சரிசெய்ய வந்த அதே உட்கசிவை மறுபடி உண்டாக்கும்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். கருப்புத் துகள் என்றால் ஹோஸோ ஓ-ரிங்கோ உதிர்கிறது. மினுக்கும் உலோகத் தூள் என்றால் பம்ப் தேய்கிறது. இந்த ஒரு நிலையில்தான் நான் பம்ப்பை முதலிலேயே சந்தேகிப்பேன். பால் போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

செஸ்னாக்காரர்களுக்கு

உயரே இறக்கை வைத்த 172ஆர்ஜி, 182ஆர்ஜி விமானங்களில் பக்கச் சக்கரங்கள் தன் எடையால் பாதி வழி தொங்கும், ஆனால் பூட்டிக்கொள்ளாது. பூட்ட அழுத்தம் வேண்டும். மின்பம்ப் போனால் கைப்பம்ப் உண்டு, ஆனால் அதுவும் அதே தொட்டியிலிருந்துதான் எண்ணெய் எடுக்கிறது. இறக்கும் குழாய் உடைந்து எண்ணெய் வெளியேறினால் கைப்பம்ப்பால் பயனில்லை. ஆகவே ஆரோவில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வாரம் தள்ளிப்போடும் வெளிக்கசிவைச் செஸ்னாவில் தள்ளிப்போடாதீர்கள். கசிவைக் கண்ட அன்றே விமானத்தை நிறுத்துங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஜாக்கியில் இருக்கும்போதே கியரைப் பலமுறை மடக்கி இறக்குங்கள். அமைப்புக்குள் புகுந்த காற்று தொட்டிக்குத் திரும்பித் தானே வெளியேறிவிடும். இடையிடையே எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றுங்கள். மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, சூடேறினால் ஆறவிடுங்கள். கடைசியாக மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவசர நெம்புகோலால் கியரை இறக்கி, மூன்றும் பூட்டுகின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பலர் இந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் கைவிட்டபோது உதவ வேண்டியதே அந்த நெம்புகோல்தான், அதைத் தரையில் சோதிக்காமல் விமானத்தை ஜாக்கியிலிருந்து இறக்கக் கூடாது.

முதல் பயணத்தை விமான நிலையத்துக்கு அருகிலேயே, பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்பதை மறுபடி குறித்து, பழுதுபார்க்கும் முன் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இறங்கியதும் மூன்று சக்கரக் கிணறுகளையும் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு தெரியாவிட்டால் அடுத்த பயணத்தைச் சற்றுத் தொலைவுக்குத் திட்டமிடலாம்.